அப்பா பதினொன்று

என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்று கொள்கைகள் இருந்தன. முதலாவது, பார்க்காததை எழுதக் கூடாது. இரண்டாவது, அழுகையைப் பற்றி எந்தக் காரணத்துக்காகவும் எழுதக் கூடாது. மூன்றாவதற்கு எண் மட்டும் போட்டு வைத்திருந்தேன். கொள்கை என்று வந்துவிட்டால் மூன்றாவது ஒன்று இருந்தால்தான் மரியாதை என்று அப்போது தோன்றியது. இரண்டாவது பக்கத்திலிருந்து கதைகள் தொடங்கின. தொடங்கின என்றுதான் சொல்ல முடியும். மொத்தம் பதினான்கு கதைகளைத் தொடங்கியிருந்தேன். ஒன்றுகூட முடியவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. டிசைன் படிப்பை முடித்துவிட்டு, மலேசியாவின் தென்கோடியில், மாசாயில் எங்கள் வரிசை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அங்கேயே தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு ஓர் இடம் கேட்டு, விண்ணப்பப் பாரத்தையும் வாங்கி வந்துவிட்டார். நான் எழுத்தாளராகப் போகிறேன் என்று சொன்னேன். அம்மா சாமி மேடையைப் பார்த்தார். அப்பா பாரத்தைக் கையில் எடுத்தார்.

"ஒரு வருஷம் எடுத்துக்க" என்றார். "ஏதாச்சும் ஒண்ண முழுசா எழுதி என்கிட்ட காட்டு. முடியலன்னா பாரத்துல கையெழுத்து போட்டுரு."

இது மிரட்டல் இல்லை. அப்பாவுக்கு மிரட்ட வராது. பாரத்தை மடிக்காமல் குளிர்பெட்டிக் கதவில், டுரியான் பழ வடிவக் காந்தத்தின் கீழ் மாட்டிவைத்தார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பாரம் என்னைப் பார்த்தது. நான் அந்த வருடம் குறைவாகத்தான் தண்ணீர் குடித்தேன்.

சும்மா இருக்கக் கூடாதென்று கடைத்தெருவில் ஓர் அச்சுக்கடையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தேன். திருமணப் பத்திரிகை, திருவிழா பேனர், இருபத்தோராவது பிறந்தநாளுக்குப் பெரிய சாவி படம் போட்ட பேனர், பதினாறாம் நாள் கருமக்கிரியையில் கொடுக்கும் நினைவு அட்டை, எல்லாம் அங்கே அடிப்போம். கடையின் முதலாளியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடும் வழக்கமுள்ளவர். அவரிடம் ஒரு நீலக் கோப்பு இருந்தது. நினைவு அட்டைக்கான வசனங்கள் அதில் பிரிவு பிரிவாக, எண் போட்டு இருக்கும். அம்மா ஒன்று முதல் பன்னிரண்டு வரை. அப்பா ஒன்று முதல் பத்து வரை. தாத்தா, பாட்டி தலா நான்கு.

அப்பா மூன்றில் குலவிளக்கு அணைந்துவிடும். அப்பா ஐந்தில் ஆலமரம் சாய்ந்துவிடும். அப்பா எட்டில் ஆலமரமும் சாய்ந்து விளக்கும் அணையும். அதைத்தான் அதிகம் பேர் கேட்பார்கள். துக்க வீட்டிலிருந்து வருகிறவர்கள் கோப்பைப் புரட்டிவிட்டு, "எட்டே போட்டுருங்க" என்று சொல்லிப் புகைப்படத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாசாய் வட்டாரத்தில் எத்தனை வீட்டில் ஆலமரம் சாய்ந்தது என்று எனக்குத்தான் தெரியும். அவ்வளவு ஆலமரம் நின்றிருந்தால் இங்கே வீடு கட்ட இடமே இருந்திருக்காது.

அந்தக் கோப்பை நான் வெறுத்தேன். வெறுப்பு என்பது சரியான சொல்தான். பதினான்கு கதைகளை முடிக்க முடியாத ஒருத்திக்கு யாரையாவது கேவலமாகப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்தது அந்த நீலக் கோப்பு.

நான் எழுதியது காலையில். அம்மா பள்ளிக் கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறார். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஆறு மணிக்கு எழுந்து முன்னறை ஜன்னலோரம் மேசை விளக்கைப் போட்டு உட்காருவேன். அப்பாவுக்கு இரவு ஷிப்ட் என்றால் ஏழரைக்கு வருவார். அவர் தெருவில் தென்பட்டதும் விளக்கை அணைத்துவிட்டு அறைக்குள் ஓடிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன். எழுதுவதைப் பார்த்தால் என்ன எழுதுகிறாய் என்று கேட்பார். கேட்டால் காட்ட வேண்டும். காட்டுவதற்குப் பதினான்கு தலைகள் இருந்தன, உடம்பு ஒன்றுகூட இல்லை. அதைவிடத் தூங்குமூஞ்சி என்று பெயர் எடுப்பது மேல்.

அப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். எங்கள் தெரு பிரியும் முனையில், அந்தச் சிம்பாங்கிலேயே அப்பா மோட்டார் சைக்கிள் இன்ஜினை அணைத்துவிடுவார். இறங்கி, ஆறு வீடு தூரம் தள்ளிக்கொண்டே வருவார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த மனிதர், தலைக்கவசத்தைக் கழற்றாமல், முதுகை வளைத்துக்கொண்டு தள்ளுவார். வாசலுக்கு வந்ததும் கேட் சங்கிலி சத்தம் போடாதபடி கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திறப்பார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது இன்ஜின் சத்தத்துக்கு எழுந்து வீட்டையே ரெண்டாக்கிவிடுவேனாம். அப்போது தொடங்கிய பழக்கம். குழந்தைக்கு இருபத்து மூன்று வயதானதை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், அந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். வண்டி கெட்டுப்போய்த்தான் தள்ளுகிறார் என்பது அவருடைய முடிவு. "ரோசாக் லாகி?" என்று கேட்பார், மறுபடியும் கெட்டுவிட்டதா என்று. அப்பா, ஆமாம் என்று தலையாட்டுவார். பல வருடங்களாக இந்த உரையாடல் நடக்கிறது. புது வண்டி வாங்கிய வாரத்திலும் நடந்தது.

அப்பா கொடுத்த வருடத்தின் பதினோராவது மாதம் கடைக்கு ஓர் அண்ணன் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அவருடைய அப்பா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் கோப்பை நகர்த்தினேன். அவர் அதைத் திறக்கவில்லை.

"இதுல உள்ளது எல்லார் வீட்லயும் இருக்கு" என்றார். "அக்கா சொன்னாங்க, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாம். புதுசா ஒண்ணு எழுதிக் கொடுங்களேன் தங்கச்சி."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னை எழுதச் சொல்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது. உடனே நோட்டை எடுத்து, பெரிய நிருபர் மாதிரி, அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன்.

"வேலைக்குப் போவாரு" என்றார்.

"வேலை விட்டு வந்தா?"

"வீட்டுக்கு வருவாரு."

"உங்ககிட்ட எப்படி இருப்பாரு?"

அவர் மேசைமேல் இருந்த மாதிரிப் பத்திரிகைகளைப் பார்த்தார். "அப்பாதானே லா" என்றார். "அப்பா எப்படி இருப்பாரோ அப்படி."

என்ன சாப்பிடுவார், என்ன பாட்டுக் கேட்பார், கால்பந்து பார்ப்பாரா என்றெல்லாம் கேட்டேன். ஒன்றும் தேறவில்லை. துக்கத்தில் இருக்கிறார், வார்த்தை வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அட்டை அச்சுக்குப் போக வேண்டும். அவர் போன பிறகு இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலமரம் வந்தது. விரட்டினேன். விளக்கு வந்தது. அதையும் விரட்டினேன். அக்கா இரண்டு முறை எட்டிப்பார்த்தார். மூன்றாவது முறை வந்தபோது, "எழுதுறியா, இல்ல எட்டைப் போட்டுருவமா?" என்றார்.

எட்டு என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ரோஷம் வந்துவிட்டது. கை தானாக எழுதியது:

"பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதென்று தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்த எங்கள் அப்பா."

ஒரே வரி. ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. பதினான்கு கதைகளில் எனக்கு வராத ஒன்று அதில் வந்திருந்தது. நல்ல வரி என்று எனக்கே தெரிந்தது. அந்த நிமிடம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷம் வீட்டுக்குப் போகும் வழியில், சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது தீர்ந்துபோனது. முதல் கொள்கைப்படி நான் பார்த்ததைத்தான் எழுதியிருந்தேன். யார் வீட்டு வாசலில் பார்த்தேன் என்பதில்தான் கோளாறு. முன்பின் தெரியாத ஒருவருக்கு என் அப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதுவும் கருமக்கிரியை அட்டையில். உயிரோடு இருக்கிற மனிதர், அந்த நேரம் வீட்டில் கைலி கட்டிக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அடுத்து வந்த நாட்களில் காலை ஏழேகாலுக்கே பேனாவை வைத்துவிட்டு சிம்பாங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பாசிர் கூடாங் சாலையில் கன்டேனர் லாரிகள் எப்படிப் போகும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். ஏழரை தாண்டி ஐந்து நிமிடம் ஆனால் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வரியை அழித்துவிட மாட்டேனா என்று இருக்கும். அட்டை அதற்குள் இருநூறு பிரதி அச்சாகியிருந்தது.

அந்த அண்ணனுக்கு வரி பிடித்துப்போனது. கைத்தொலைபேசித் திரையில் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுவே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அக்காவுக்கும் பிடித்துவிட்டது. அன்றே ஒரு தாளில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நீலக் கோப்பில் சேர்த்துவிட்டார். அப்பா பதினொன்று. இரண்டே வாரத்தில் மூன்று குடும்பங்கள் அதைக் கேட்டு வாங்கிப் போயின. அதில் ஒரு வீட்டில் இறந்தவர் லாரி ஓட்டியவர். லாரியை எங்கே தள்ளிக்கொண்டு வருவது என்று நான் கேட்டேன். "படிக்க நல்லா இருக்குலா, போடும்மா" என்றார்கள்.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா வெள்ளைச் சட்டையோடு வெளியிலிருந்து வந்தார். கூட வேலை பார்த்த ஒருவருடைய பதினாறாம் நாளுக்குப் போயிருந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். நான் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அட்டையில் இருந்தது அந்த அண்ணனுடைய அப்பாவின் படம். ஓரத்தில் இருந்த தங்கக் கோடு நான் போட்டது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரியைச் சத்தமாகப் படித்தார். பிறகு மனசுக்குள் ஒருமுறை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். "ஆனா அவன்கிட்ட மோட்டாரே கிடையாதே. லைசென்சே எடுக்கல. இருபது வருஷமா பேக்டரி பஸ்லதான் வந்தான். நான் சிக்னல்ல நிக்கும்போது ஜன்னல்லேர்ந்து கையாட்டுவான்."

அம்மா, "வேற யாருக்கோ எழுதுனத மாத்திப் போட்டுட்டானுங்க போல" என்றார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தேன். தட்டில் சோறு மிதந்தது.

அப்பா மூன்றாவது முறையும் படித்தார். எழுந்து போய், அட்டையை டுரியான் காந்தத்தின் கீழ், என் பாரத்தின் மேல் வைத்தார்.

மறுநாள் அந்த அண்ணன், பெரிதாக்கி ஃப்ரேம் போட்ட படத்தை எடுத்துப்போகக் கடைக்கு வந்தார். அக்கா வங்கிக்குப் போயிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த வரி உங்கள் அப்பா இல்லை, என் அப்பா, உங்கள் அப்பா பேருந்தில் வருவார் என்று இப்போதுதான் தெரியும், வேறு அட்டை இலவசமாக அடித்துத் தருகிறேன், மன்னித்துவிடுங்கள். மூச்சு விடாமல் சொன்னேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார்.

படத்தைத் திருப்பி, பின்பக்கக் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"பஸ்லதான் வருவாரு. சிம்பாங்ல இறங்குனா அங்கேருந்தே கத்திக்கிட்டு வருவாரு. தண்ணி போட்டாலும் கத்துவாரு, போடலன்னாலும் கத்துவாரு. நாங்க மூணு பேரும் முழிச்சிக்குவோம். முழிச்சிட்டு, தூங்கற மாதிரி படுத்துக்குவோம். அத அட்டையில போட முடியுமா?"

நான் கையிலிருந்த ரசீதை இரண்டாக மடித்தேன்.

"எங்கம்மா தினமும் அந்த அட்டைய எடுத்துப் படிக்கிறாங்க" என்றார். "நேத்து எங்கிட்ட கேக்குறாங்க, உங்கப்பா இப்படியெல்லாம் இருந்தாராடான்னு. இருந்தாரும்மான்னு சொல்லிட்டேன். விடுங்க லா. மாத்த வேணாம்." படத்தை ஒரு துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு நான் நீலக் கோப்பைத் திறந்து வெகு நேரம் பார்த்தேன். சாய்ந்த ஆலமரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன். அதைக் கேட்டு வாங்கிப் போனவர்களில் எத்தனை பேர் இந்த அண்ணனைப் போல என்று எனக்குத் தெரியாது. அவர்களை ஒரு வருடமாகக் கேலி செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

என் நிலைமையும் வேடிக்கைதான். நானும் தினமும் காலையில் விழித்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்கிற பிள்ளை. அந்த வீட்டில் பயந்துகொண்டு செய்ததை நான் என் வீட்டில் எந்தக் காரணமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முன்வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவைக் கட்டும்போது குளிர்பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"இத நான்தான் எழுதுனேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். இந்த ஊரில் என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. "கீழ உங்க கடை பேரு போட்டிருக்கே."

"செத்தவங்க அட்டையில உங்களப் போட்டுட்டேன்பா. தப்புதான்."

"அவன் நல்லாப் பாடுவான்" என்றார் அப்பா. "பஸ்ஸுல பூரா பாடிக்கிட்டே வருவான்னு சொல்வாங்க. வீட்ல எப்படின்னு நமக்கென்ன தெரியும்? போகட்டும். அவனுக்கு ஒண்ணு குடுத்ததா இருக்கட்டும்."

நாடாவை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"சிம்பாங்ல நான் மோட்டார அணைக்கிறது உனக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னாளா?"

"ஜன்னல்லேர்ந்து பாப்பேன்."

"எத்தன நாளா?"

"பதினோரு மாசமா."

"முழிச்சிக்கிட்டா இருப்ப?"

"எழுதிக்கிட்டு இருப்பேன். நீங்க வர்றதப் பாத்ததும் போய்ப் படுத்துக்குவேன்."

அப்பா நாடாவின் இரண்டு நுனியையும் பிடித்தபடி தெருமுனையைப் பார்த்தார். பதினோரு மாதம் ஆறு வீடு தூரம் வண்டியைத் தள்ளியதை அவர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பதினோரு மாசத்துல ஒரு வரி" என்றார்.

"ஆமாப்பா."

"மிச்சத்த எப்ப எழுதுவ?"

கிண்டலா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் முகத்தில் அதெல்லாம் தெரியாது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தண்ணீர் குடிக்கலாம் என்று உள்ளே போனேன். அட்டையை உருவிய அவசரத்தில் கவனிக்கவில்லை, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் மட்டும் இருந்தது. பாரம் எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். "மத்தியானமே உங்கப்பா எடுத்து உள்ள வச்சிட்டாரு" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். ஏழரைக்குத் தெருமுனையில் வண்டி திரும்பியது. இன்ஜின் நிற்கவில்லை. முதல் வீடு, இரண்டாவது வீடு என்று அந்தச் சத்தம் அப்படியே தெரு முழுக்க வந்து எங்கள் வாசலில் நின்றது. அணைப்பதற்கு முன்னால் ஒருமுறை முறுக்கினார். வேண்டுமென்றேதான் முறுக்கினார். கேட் சங்கிலியை விட்டார். அது கம்பியில் மோதிச் சலசலத்தது.

மக்சிக் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "சுடா பாயிக்?" என்றார், சரியாகிவிட்டதா என்று.

"சுடா பாயிக்" என்றார் அப்பா.

நான் விளக்கை அணைக்கவில்லை. ஓடவும் இல்லை. அப்பா உள்ளே வந்து என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், திறந்திருந்த நோட்டைப் பார்க்காமல் பார்த்தார். "டீ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனார்.

நான் எழுதியதில் முழுசானது அந்த ஒரு வரிதான். எங்கள் வீட்டில் அது அன்றோடு உண்மை இல்லாமல் போனது. பிறந்ததிலிருந்து எனக்காக அணைந்துகொண்டிருந்த இன்ஜின் அது. இனி அது சிம்பாங்கில் நிற்காது. கடையில் அப்பா பதினொன்றை இன்னும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சமையலறையில் அப்பா கரண்டியால் டீயைக் கலக்கும் சத்தம் கேட்டது. நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினேன். அதன் பிறகு அந்த மேசையில் என்ன நடந்தது என்பதை, நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கொள்கையின் காரணமாக, இங்கே எழுத முடியவில்லை.